தர்மம் செய்பவர் வரி கட்டாமல் இருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கோடீஸ்வரர் பெரிய தொகையைத் தானமாக அறிவித்தார் என்று செய்தி வந்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்று அவரைக் கையெடுத்துக் கும்பிடும். இன்னொன்று ‘எல்லாம் வரியை மிச்சம் பிடிக்கத்தான்’ என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிடும். இரண்டுமே கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும். பெரும் பணக்காரர்கள் அங்கே அதிகம், அவர்களுடைய அறக்கட்டளைகளின் ஆண்டுக் கணக்கும் அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடைக்கிறது.

என் கட்சி எது என்று மறைக்கப் போவதில்லை. கொடைக்கு வரிச்சலுகை இருக்கட்டும், ஆனால் அது பணம் வேலைக்குப் போகிற நாளில் கிடைக்க வேண்டும், ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறுகிற நாளில் அல்ல.

இது சட்டவிரோதமா?

இல்லை. வருமானத்தை மறைத்தால் அது வரி ஏய்ப்பு, அதற்குச் சிறை உண்டு. சட்டமே திறந்து வைத்த கதவு வழியாகப் போய் வரியைக் குறைத்துக்கொள்வது வரித் தவிர்ப்பு. கொடைக்கான சலுகை இரண்டாவது வகை, அதிலும் அரசு ‘வாருங்கள்’ என்று கூப்பிட்டுத் திறந்து வைத்த கதவு. ஆகவே சட்டப்படி சரியா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், சட்டம் இப்படி இருப்பது சரியா என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது.

100 டாலர் கொடுத்தால் 100 டாலர் வரி குறையும், அப்படித்தானே?

அப்படி இல்லை. பாதி பேர் இதைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். கொடுத்த தொகை வரியிலிருந்து கழிவதில்லை, வரி போட வேண்டிய வருமானத்திலிருந்து கழிகிறது. 100 டாலருக்கு 35 டாலர் வரி கட்டும் நிலையில் இருப்பவர் 100 டாலர் கொடுத்தால் அவருக்கு மிச்சமாவது 35 டாலர். மீதி 65 அவர் கையிலிருந்து போனதுதான்.

இதில் ஒரு விநோதம் உண்டு, கவனித்தால் கோபம் வரும். அதே அமெரிக்காவில் 12 சதவீத வரி கட்டுகிறவர் அதே 100 டாலரைக் கொடுத்தால் அவருக்கு மிச்சம் 12 டாலர்தான். அதுவும் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கழித்துக்கொள்பவராக இருந்தால்தான். 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பட்டியல் போடாமல், சட்டமே ஒரே தொகையாக நிர்ணயித்த நிலையான கழிவை எடுத்துக்கொள்கிறார்கள், 2025 இல்கூட அவர்களுக்கு மிச்சம் பூஜ்யம்தான். 2026 முதல் அப்படிப்பட்டவர்களும் தனி ஆளாக 1,000 டாலர், தம்பதியாக 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. ஒரே கொடை, ஒரே சேவை, கொடுப்பவர் எவ்வளவு பணக்காரரோ அவ்வளவு பெரிய சலுகை.

ரொக்கமாகக் கொடுக்காமல் ஏன் எல்லோரும் பங்குகளாகவே கொடுக்கிறார்கள்?

சூட்சுமம் அங்கேதான். ஒருவர் 1 டாலருக்கு வாங்கிய பங்கு இன்று 100 டாலர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் 99 டாலர் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, உச்ச வீதம் 23.8 சதவீதம், அதாவது 23 டாலர் 56 சென்ட். கையில் நிற்பது 76 டாலர் சொச்சம்.

விற்காமல் அப்படியே பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? லாபத்துக்கான வரி அவருக்கும் இல்லை, தொண்டு நிறுவனத்துக்கும் இல்லை. அதோடு, அவர் வாங்கிய 1 டாலரைக் கணக்கில் எடுக்காமல் இன்றைய சந்தை விலையான 100 டாலரை முழுதாக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதில் 35 டாலர் மிச்சம். விற்றிருந்தால் 76 கிடைத்திருக்கும், கொடுத்ததால் 35 கிடைத்தது, ஆக அவர் உண்மையில் இழந்தது 41 டாலர். பெயர்ப்பலகையில் மட்டும் 100 டாலர் என்று இருக்கும்.

வருமானத்தில் இத்தனை சதவீதம் வரைதான் கழிக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. பங்குகளைப் பொதுத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் 30 சதவீதம் வரை, சொந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தால் 20 வரை. மிஞ்சியதை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குச் சுமந்துகொண்டு போகலாம்.

அப்படியானால் கொடுத்தே பணக்காரர் ஆக முடியும் போலிருக்கிறதே?

முடியாது. கொடுக்காமல் வைத்துக்கொள்பவர் கையில்தான் எப்போதும் அதிகம் இருக்கும், மேலே உள்ள கணக்கிலும் 41 டாலர் நஷ்டம்தான். ‘வரிக்காகவே கொடுக்கிறான்’ என்பவர்கள் இதை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, மதிப்பீட்டில் பொய் சொல்வது. பங்குக்குச் சந்தை விலை இருக்கிறது. நிலத்துக்கும் ஓவியத்துக்கும் யார் விலை வைப்பது? அமெரிக்காவில் ‘இந்த நிலத்தில் இனி கட்டடம் கட்ட மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் இழந்த மதிப்பைக் கொடையாகக் காட்டலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. இயற்கையைக் காப்பாற்ற வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிலர் கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு நிலத்தை வாங்கி, அதற்கு நாலைந்து மடங்கு விலை போட்டுச் சான்றிதழ் வாங்கி, போட்ட முதலைவிட அதிகமாக வரியை மிச்சம் பிடித்தார்கள். 2022 கடைசியில்தான் இப்படிக் கூட்டாகச் செய்பவர்கள் போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் கழிக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள்.

அந்த மீதி 59 டாலரை யார் கொடுக்கிறார்கள்?

மற்ற எல்லோரும். அரசுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் நடக்கும்: மற்றவர் வரி ஏறும், அல்லது கடன் ஏறும், அல்லது ஏதோ ஒரு செலவு வெட்டப்படும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று முழுவதையும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் தேங்காயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அவருடையதும் இருக்கிறது. ஆனால் உடைத்த புண்ணியம் முழுவதும் அவர் பெயரில் எழுதப்படுகிறது, எந்தப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பதையும் அவர் ஒருவரே முடிவு செய்கிறார். என் மறுப்பு அந்த இடத்தில்தான்.

அவர் பணம் அவருடையது. வரி போடாமல் விட்டதை ‘அரசு கொடுத்தது’ என்று சொல்வது அநியாயம் இல்லையா?

நியாயமான எதிர்க்கேள்வி. இதன் பின்னால் ஒரு வாதமும் இருக்கிறது: கொடுத்துவிட்ட பணம் அவர் அனுபவிக்கும் வருமானமே இல்லை, ஆகவே அதற்கு வரி கேட்பது தப்பு. சம்பளத்தை வாங்கி அப்படியே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட ஆளுக்கு இந்த வாதம் நன்றாகப் பொருந்துகிறது, நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

பங்கு விஷயத்தில் மட்டும் பொருந்தவில்லை. அந்த 99 டாலர் லாபம் அவருடைய வருமானமாக எந்தக் காலத்திலும் கணக்கில் வரவே இல்லை, அதற்கு வரி கட்டப்படவும் இல்லை. வருமானமாகக் காட்டாத ஒன்றை வருமானத்திலிருந்து கழிப்பது எந்த ஊர்க் கணக்கு? ஒன்று, லாபத்துக்கான வரியை அரசு விட்டுக்கொடுக்கட்டும், கழிவுக்கு அவர் வாங்கிய விலையை மட்டும் எடுக்கட்டும். அல்லது லாபத்துக்கு வரி கட்டிவிட்டு முழு விலையையும் கழிக்கட்டும். இரண்டு கையிலும் லட்டு கேட்பதுதான் உறுத்துகிறது.

அரசு பணத்தை வீணடிக்கிறது. கெட்டிக்காரர் ஒருவர் நேரடியாகக் கொடுத்தால் அதே பணம் பத்து மடங்கு வேலை செய்யுமே?

வரித் தவிர்ப்பை ஆதரிப்பவர்களின் மிக வலுவான வாதம் இது, தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மலேரியா பரவும் இடத்தில் ஒரு கொசுவலை சில டாலர்தான். அதே சில டாலர் ஒரு பணக்கார நாட்டின் கஜானாவில் விழுந்தால் கடலில் கரைத்த பெருங்காயம். இன்னொன்றும் உண்டு. தன் நாட்டுக்கு வெளியே இருக்கிற ஏழைக்கு ஓட்டு இல்லை, ஆகவே எந்த அரசும் அவனை முதலில் நினைக்காது, ஆனால் தனி மனிதர் நினைக்கலாம். அரசு துணியாத ஆராய்ச்சிக்கும் தனிப்பணம் துணிந்து போகும். மஞ்சள் காய்ச்சலுக்கு இன்றும் பயன்படும் தடுப்பூசி ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகத்தில் உருவானது, அதற்காக மாக்ஸ் தைலருக்கு 1951 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மறுபக்கம். எச்ஐவிக்கு எதிராக ஆப்பிரிக்காவில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் மிகப் பெரிய கை எந்தக் கோடீஸ்வரருடையதும் அல்ல. 2003 இல் அமெரிக்க அரசு தொடங்கிய பெப்ஃபார் திட்டம் அது. வரிப்பணத்தில் 10,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அந்த அரசு சொல்கிறது. 2025 இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, அந்தப் பள்ளத்தைத் தன் அறக்கட்டளையால் நிரப்ப முடியாது என்று பில் கேட்ஸே சொன்னார். உலகத்திலேயே பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றை வைத்திருப்பவர் சொல்கிறார்.

அளவைப் பாருங்கள். 2024 இல் அமெரிக்காவில் எல்லோரும் கொடுத்த கொடைகளை, தனி மனிதர், நிறுவனம், அறக்கட்டளை, உயில் எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 59,000 கோடி டாலர். அதே ஆண்டில் மத்திய அரசு மட்டும் செலவழித்தது 6,70,000 கோடி டாலருக்கும் மேல். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. முதியோர் ஓய்வூதியத்தையும் ஊரெல்லாம் கழிவுநீர்க் குழாயையும் தானத்தில் நடத்த முடியாது, யாரும் கழிவுநீர்க் குழாய்க்குத் தன் பெயர் வைக்க ஆசைப்படுவதும் இல்லை.

அப்புறம், ‘நான் அரசைவிடக் கெட்டிக்காரன்’ என்ற வாதத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான் அதன் சிக்கல். கொசுவலைக்குக் கொடுப்பவர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. தன் பேரன் படிக்கப் போகும் பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டரங்கம் கட்டுபவருக்கும் அதே சலுகைதான்.

பணம் ஏழைகளுக்குத்தானே போகிறது?

கொஞ்சம். சட்டம் ஏழைக்குத்தான் என்று எங்கும் சொல்லவில்லை. அமெரிக்காவில் கொடைகளில் மிகப் பெரிய பங்கு மத அமைப்புகளுக்குப் போகிறது. பெரும் பணக்காரர்களிடம் வந்தால் பல்கலைக்கழகம், மருத்துவமனை, அருங்காட்சியகம் எல்லாம் வரிசையில் முன்னால் நிற்கும். சொந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே தனி அருங்காட்சியகம் வைத்து, முன்பதிவு செய்தால்தான் உள்ளே வரலாம் என்று வைத்திருந்தவர்களும் உண்டு. 2015 இல் அமெரிக்க செனட்டின் நிதிக்குழு இப்படிப்பட்ட அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் போட்டு, எத்தனை மணி நேரம் திறக்கிறீர்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரித்தது.

அறக்கட்டளைக்குப் போய்விட்டால் பணம் போய்ச் சேர்ந்த மாதிரிதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வரிச்சலுகை கிடைப்பது பணம் அறக்கட்டளைக்குள் நுழைகிற அன்று. அங்கிருந்து அது ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ எப்போது போகும் என்பது வேறு கதை. 1969 இல் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் வழியே, தனியார் அறக்கட்டளைகள் தங்கள் சொத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்று விதி வந்தது, இப்போது அது ஏறக்குறைய 5 சதவீதம். முதலீடு 7 சதவீதம் வளர்ந்து செலவு 5 சதவீதமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, பெட்டி என்றைக்கும் காலியாகாது. அந்த 5 சதவீதத்திலும் அலுவலகச் செலவு சேர்த்தி, குடும்பத்தாருக்கு ‘நியாயமான’ அளவில் கொடுக்கும் சம்பளமும் சேர்த்தி.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கொடையாளர் ஆலோசனை நிதி என்று தமிழில் சொல்லலாம். பெரிய நிதி நிறுவனங்களின் தொண்டுப் பிரிவில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு. பணத்தையோ பங்கையோ அதில் போட்ட அன்றே முழுக் கழிவும் கிடைத்துவிடும். சட்டப்படி பணம் இனி உங்களுடையது இல்லை, நீங்கள் ‘ஆலோசனை’ மட்டும்தான் சொல்லலாம், நடைமுறையில் அந்த ஆலோசனையை யாரும் தட்டுவதில்லை. எப்போது வெளியே போக வேண்டும்? கெடுவே கிடையாது. 5 சதவீத விதிகூட இல்லை. நியூயார்க்கில் 1931 இல் சிறியதாகத் தொடங்கிய ஏற்பாடு, 1990களில் பெரிய நிதி நிறுவனங்கள் இறங்கிய பிறகு வெள்ளமாகப் பெருகி, இன்று இப்படிப்பட்ட கணக்குகளில் தங்கியிருப்பது 20,000 கோடி டாலருக்கும் மேல். ஒரு குறும்பு பாருங்கள்: தனியார் அறக்கட்டளை தன் 5 சதவீதத்தை இந்தக் கணக்கில் போட்டாலும் செலவு செய்ததாக ஒப்புக்கொள்வார்கள். பெட்டியிலிருந்து பெட்டிக்கு.

ஆதரவாளர்கள் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்குகளிலிருந்து மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுதோறும் அறக்கட்டளைகளைவிட அதிக சதவீதம் வெளியே போகிறது. உண்மைதான். ஆனால் அது எல்லாக் கணக்குகளையும் சேர்த்த சராசரி. ஒருவர் வேகமாகக் கொடுப்பதால் பக்கத்துக் கணக்கு பத்து வருடம் தூங்குவது மறைந்துபோகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இங்கே அளக்கவும் இல்லை, ஆற்றில் போடவும் இல்லை.

பணக்காரர்கள் வரியைத் தவிர்க்கும் பெரிய வழி இதுதானா?

இல்லவே இல்லை. இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்கும் பிடிப்பதில்லை.

பெரிய வழி மிகச் சுலபமானது: விற்காமல் இருப்பது. பங்கு விலை ஏறினால் வரி இல்லை, விற்றால்தான் வரி. செலவுக்குப் பணம் வேண்டுமா, பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கு, கடன் வருமானம் ஆகாது. இறந்த பிறகு வாரிசுகளுக்குப் போகும்போது அன்றைய விலையே வாங்கிய விலையாக எழுதப்படும், அதுவரை ஏறிய லாபத்துக்கான வரி காற்றோடு போயிற்று. 2021 ஜூனில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் கசிந்த வரி ஆவணங்களை வைத்துக் கணக்குப் போட்டது. 2014 முதல் 2018 வரை அமெரிக்காவின் முதல் 25 பணக்காரர்களின் சொத்து 40,100 கோடி டாலர் ஏறியிருந்தது, அவர்கள் கட்டிய மத்திய வருமான வரி 1,360 கோடி. 3.4 சதவீதம்.

அதே மாதம் பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் கணக்கை வெளியில் சொன்னார். அதுவரை கொடுத்த 4,100 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு, 1,000 டாலருக்கு வெறும் 40 சென்ட் அளவுக்குத்தான் வரி மிச்சமானதாம். பெருமையாக எடுத்துக்கொள்ளலாம், அவர் வரிக்காகக் கொடுக்கவில்லை என்பது இதில் தெளிவாகிறது. எனக்கோ இதில் வேறு ஒன்று தெரிகிறது. அவ்வளவு பெரிய கொடைக்கு இவ்வளவு சின்ன மிச்சம் என்றால், கழித்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு வரிக்கு உட்பட்ட வருமானமே இல்லை என்று அர்த்தம்.

கழிவே இல்லாத காலத்திலும் கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். அமெரிக்காவில் கொடைக்கான கழிவு 1917 இல்தான் வந்தது, போருக்காக வருமான வரியை உயர்த்தியபோது தானம் வற்றிவிடும் என்ற பயத்தில் சேர்த்தது. இரும்பாலை அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி தன் சொத்தில் பெரும்பகுதியை அதற்கு முன்பே கொடுத்துவிட்டார். சாகும்போது பணக்காரனாகச் சாவது அவமானம் என்ற கருத்தை 1889 இலேயே எழுதியவர், பெரும் சொத்துகளுக்கு இறப்பு வரி கடுமையாக இருக்க வேண்டும் என்றும் அதே கட்டுரையில் சொன்னவர். அந்த இரண்டாவது பாதியை அவரைக் கொண்டாடுபவர்கள் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. (1892 இல் ஹோம்ஸ்டெட்டில் அவருடைய இரும்பாலைத் தொழிலாளர் போராட்டம் எப்படி ஒடுக்கப்பட்டது என்பதையும்தான்.)

அவர் கட்டித் தந்த நூலகங்கள் 2,509. அதில் எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. கட்டடத்துக்கு அவர் பணம் கொடுப்பார், ஆனால் நிலத்தை ஊர் கொடுக்க வேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் வரியிலிருந்து ஒதுக்கி நூலகத்தை நடத்த வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத ஊருக்கு நூலகம் இல்லை. பத்தே ஆண்டில் ஊர் கொடுத்தது அவர் கொடுத்ததைத் தொட்டுவிடும், அதற்கப்புறம் எல்லாம் ஊர்ப் பணம்தான். தனிக்கொடை வரிப்பணத்தில் ஏறி நின்றால்தான் நிலைக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

சலுகையை எடுத்துவிட்டால் கொடை நின்றுவிடாதா?

குறையும், நிற்காது. 1986 இல் அமெரிக்காவில் உச்ச வரி வீதத்தை 50 சதவீதத்திலிருந்து இரண்டே ஆண்டில் 28 க்கு இறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த ஆண்டே பணக்காரர்கள் முந்திக்கொண்டு கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு கொடை சரிந்தது. ஆக, சலுகைக்கு அசைகிறார்கள் என்பது நிச்சயம். ஆனால் அந்த அசைவில் பெரும்பகுதி எப்போது கொடுப்பது என்பதில்தான். சலுகை ஒரு பைசாகூடக் கிடைக்காத சாதாரண ஜனங்கள் காலம்காலமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் 1990 இல் வந்த கிஃப்ட் எய்ட் எனக்குப் பிடித்த ஏற்பாடு. நீங்கள் ஒரு பவுண்டு கொடுத்தால், நீங்கள் கட்டிய அடிப்படை வரியிலிருந்து 25 பென்ஸை அரசு தொண்டு நிறுவனத்துக்கே நேராகக் கொடுத்துவிடுகிறது. அதிக வரி கட்டுபவர்கள் மட்டும் வித்தியாசத்தைத் தங்களுக்குக் கேட்டு வாங்கலாம், அந்த இடத்தில் கொஞ்சம் ஓட்டை. கனடா கழிவுக்குப் பதிலாக வரியிலேயே ஒரு தொகையைக் குறைக்கிறது.

பிரான்சில் தனிநபர் கொடையில் 66 சதவீதமும் நிறுவனக் கொடையில் 60 சதவீதமும் வரியில் குறையும், உச்சவரம்பு உண்டு. 2019 ஏப்ரலில் நோத்ர் தாம் தேவாலயம் எரிந்தபோது பெரும் பணக்காரக் குடும்பங்கள் கோடிக்கணக்கில் அறிவித்தன. ‘அப்படியானால் பாதிக்கு மேல் நம் பணம்தானே’ என்று தெருவில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். உடனே, தங்கள் 10 கோடி யூரோவுக்கு வரிச்சலுகை கோரப்போவதில்லை என்று பினோ குடும்பம் அறிவித்தது. கணக்கு ஜனங்களுக்குப் புரிந்தால் இப்படியும் நடக்கும்.

கொடை என்ற பெயரில் அரசியல் நடப்பதாகச் சொல்கிறார்களே?

நடக்கிறது. 2022 இல் வெளியான செய்தி ஒன்று: பாரி சீட் என்ற தொழிலதிபர் தன் மின்சாதன நிறுவனத்தின் பங்குகள் முழுவதையும், சுமார் 160 கோடி டாலர் மதிப்பு, அரசியல் வேலையும் செய்ய அனுமதியுள்ள ஒரு லாப நோக்கமற்ற அமைப்புக்கு மாற்றினார். அமைப்பு அதை விற்றது. அவரே விற்றுவிட்டுப் பணத்தைக் கொடுத்திருந்தால் 40 கோடி டாலர் வரை வரி வந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். வருமானக் கழிவு அவருக்குக் கிடைக்காது, ஆனால் ஆதாய வரி முழுவதும் தப்பியது. அவர் வலதுசாரி. இடதுசாரிக்கும் இதே கதவுதான், எதிரி பயன்படுத்தும்போது மட்டும் கத்துவது சரியில்லை.

இவ்வளவும் சொல்கிறீர்கள், பணக்காரர் ஒருவர் உங்களிடம் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வரமாட்டார். வந்தால் சொல்வேன்: சட்டம் தரும் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் எடுத்த வருடத்திலிருந்து ஐந்தாறு வருடத்துக்குள் அந்தப் பணம் முழுவதும் பெட்டியை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். வரியில்லாக் கடைகள் நடத்திப் பணக்காரரான சக் ஃபீனி தன் 800 கோடி டாலரையும் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துத் தீர்த்து, 2020 இல் அறக்கட்டளையையே இழுத்து மூடினார். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸின் முன்னாள் மனைவி மெக்கென்சி ஸ்காட் 1,900 கோடி டாலருக்கும் மேல், எப்படிச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் கொடுத்திருக்கிறார். கேட்ஸ் அறக்கட்டளையும் 2045 இல் கடையைக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறது. முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கேட்பேன், இதுதான் அவர்களுக்குக் கசக்கும். ஒரு கையால் மருத்துவமனைக்குக் கொடுத்துக்கொண்டே, மறு கையால் வரியை உயர்த்தும் மசோதாவைத் தடுக்கத் தரகர்களுக்குச் சம்பளம் கொடுக்காதீர்கள்.

சலுகையே வேண்டாம் என்று இருந்தவர்கள் யாராவது உண்டா?

உண்டு, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. ஃபீனி 1984 இல் தன் சொத்தை பெர்முடாவில் பதிந்த அறக்கட்டளைக்கு மாற்றினார், அதனால் அமெரிக்கக் கழிவு கிடைக்கவில்லை. பெயர் வெளியில் தெரியாமல் இருப்பதற்காக அதை விட்டுக்கொடுத்தார், ஆனால் வியாபாரத்தில் வரியைக் குறைக்கும் வித்தை தெரியாதவர் அல்ல. சக்கர்பெர்க் 2015 இல் ஃபேஸ்புக் பங்குகளில் 99 சதவீதத்தைக் கொடுப்பதாக அறிவித்தபோது அறக்கட்டளையைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரணத் தனியார் நிறுவனமாக வைத்துக்கொண்டார், அதில் போடும்போது கழிவு இல்லை, ஆனால் 5 சதவீத விதியும் இல்லை, கணக்கை வெளியில் காட்ட வேண்டியதும் இல்லை.

2022 செப்டம்பரில் பாட்டகோனியா என்ற உடை நிறுவனத்தின் நிறுவனர் இவான் ஷுயினார்ட் சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனத்தை மொத்தமாகக் கொடுத்தார். வாக்குரிமையுள்ள 2 சதவீதப் பங்கு குடும்பம் மேற்பார்வை பார்க்கும் ஒரு டிரஸ்டுக்குப் போனது, அதற்கு ஏறக்குறைய 1.75 கோடி டாலர் கொடை வரி கட்டினார்கள். மீதி 98 சதவீதம் சுற்றுச்சூழலுக்காகப் போராடும் ஓர் அமைப்புக்குப் போனது. வருமானக் கழிவு எதுவும் எடுக்கவில்லை. ஆதாய வரியும் வரவில்லை, ஏனென்றால் அந்த அமைப்பும் பாரி சீட் பயன்படுத்திய அதே வகை.